நெகிழ்ந்த இடம்

மைமூனின் முழங்காலில் எடுத்த நீர்
ஐந்து மில்லி. கலங்கல்,
நேற்றைய புளித்தண்ணி நிறம்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி லேபில்
கரண்ட் போய் வந்த பிறகு பார்க்கிறேன்.

மேலப்பாளையமே சுவரைப் பிடித்து நடந்த அந்த வருஷம்
அவளுக்கும் சிக்குன்குனியா.
"காய்ச்சல் நாலு நாள்ல போயிருச்சுல்லா,
பின்ன இது யாருக்கு வீங்குது?"

கிருமி இல்லை. மூன்று முறை தேடியாயிற்று.

எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, மைமூன்.
உங்க உம்மா வாப்பா தந்த அதே நூல், அதே வரிசை.
சுற்றியிருந்த கண்டில்தான்
ஓரிடம் நெகிழ்ந்துவிட்டது.
மூடிக் கிடக்கவேண்டிய வரியை
இந்த வெள்ளணு
விடிய விடிய உரக்க வாசிக்கிறது:
தீ, தீ, தீ.
கொஞ்ச நாளில் இது செத்துவிடும்.
அடுத்தது
எலும்புக்குள் பிறக்கும்போதே
அதே தளர்வோடு வருகிறது.

இதை எப்படிச் சொல்ல என்று நான் தடுமாற,
பீடித்தட்டை வாட்ச்மேனிடம் விட்டு வந்தவள்
வெறுங்காற்றைச் சுருட்டிக் காட்டினாள்.
"நூலு தொளதொளன்னு இருந்தா
இலை விரிஞ்சு தூளு கொட்டிரும்.
செக்கர் கழிச்சுப் போட்டுருவாரு."
வீங்கிய விரலைப் பார்த்தாள்.
"இதுக்கு யாரு செக்கர்?"

இறுக்கிக் கட்டும் மருந்து ஒன்று
எலிகளுக்குக் கிடைத்திருக்கிறதாம்.
திருநெல்வேலிக்கு இன்னும் பஸ் ஏறவில்லை.

சாயந்திரம் கொக்கிரகுளம் தாண்டும்போது
கம்பியைப் பிடித்திருந்த என் கையை
மடக்கி, விரித்து,
மடக்கிப் பார்த்தேன்.
அந்த வருஷம்
எனக்கும் நாலு நாள் காய்ச்சல்.