தேங்காய் துருவும் சத்தம்

பவானி ரோட்டில் நாற்பது பட்டறை இருக்கிறது.
நாற்பதிலும் ஒரே கேள்வி:
"அண்ணன் எப்பங்க வர்றாப்ல?"
அண்ணன் நாக்பூர் தாண்டி எங்கோ மழையில்
பதினாறு சக்கரத்தோடு நிற்கிறார்.
இந்த நாலு சக்கரம் என்னுடையது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து இண்டிகா.
எத்தனை கழுவினாலும் பின்சீட்டில் முட்டை வாடை.
விடிகாலை நாலரைக்கு முப்பது அட்டை
குமாரபாளையத்துப் புரோட்டாக் கடைகளில் இறங்க வேண்டும்.
நேற்றுத் திரும்பும்போது சிவப்பாய்
ஒரு பேட்டரிப் படம் எரிந்தது.
வட்டமலை வருவதற்குள் ஹாரன் முனகியது.
ஹெட்லைட், கூமுட்டையின் கருப்போல.

ஆல்டர்னேட்டர்.
திருச்செங்கோட்டில் காயில் கட்டிய பழசு ஒன்று,
இரண்டாயிரத்து எண்ணூறு, ஒரு மாசம் கேரண்டி.
கட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி பூசணிக்காய் என்ன விலை என்றாள்.

முதலில் பேட்டரியின் மைனஸ்.
பிறகு வலது சக்கரம்.
பிறகு சக்கரக் குழியின் பிளாஸ்டிக் தட்டி,
அதற்குள் காகிதம்போல் காய்ந்த ஓர் ஓணான்.

கண் போகிற இடத்தில் கை போகவில்லை.
கை போகிற இடத்தில் கண் போகவில்லை.
இரண்டும் போகிற ஒரே இடத்தில்
ஸ்பானர் திரும்பவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கண்ணை மூடினேன். அதுதான் சுலபம்.
விரல் நுனிக்கு ஆறு பக்கம் தெரிந்தது.

அப்போது அடித்தது போன்.
முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்டியா புள்ள?"
"இனிமேத்தானுங்."
"அங்க மழையா?"
"இங்க ஏதுங் மழை."
கிர்ர் கிர்ர் என்றது ராட்செட்.
"அதென்ன சத்தம்?"
"தேங்கா துருவறேனுங்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
அவர் பக்கத்தில் வைப்பர் போய்ப் போய் வந்தது.
பிறகு டோல்கேட்டில் நடந்த சண்டையைச் சொன்னார்,
தார்ப்பாய் கிழிந்ததைச் சொன்னார்,
நனைந்த வெங்காயத்துக்கு எவன் பொறுப்பு என்றார்.
ரேடியேட்டரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு
கால் சுற்று, கால் சுற்றாக
ம் கொட்டினேன்.
"கார் ஓடுதல்ல?"
"ஓடுதுங்."

போனை வைத்த பிறகுதான் தெரிந்தது:
கீழ் போல்ட் ஒரு சாண் நீளம்.
வந்தது, வந்தது, வந்து
சேஸிஸ் இரும்பில் முட்டி நின்றது.
அரை இஞ்ச்.
இத்தனை பெரிய சங்ககிரியில்
எனக்கு அரை இஞ்ச் இடம் இல்லை.

அவருடைய பழைய லாரி ஜாக்கி
மாட்டுத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.
இன்ஜின் அடியில் இரும்பு படாமல் இருக்க
ஒரு பலகை வேண்டும்.
வீட்டில் இருந்தது கல்யாணத்து மணை ஒன்றுதான்.
மவுண்ட்டைத் தளர்த்தி, மணையை வைத்து,
ஒரு மிதி. இன்னொரு மிதி.
இன்ஜின் பெருமூச்சு விட்டு எழுந்தது.
போல்ட் என் மடியில் விழுந்தது.

கழன்றதெல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை.
கன்று குறுக்கே கிடந்தபோது
மாட்டு டாக்டர் தோள்வரை கையை விட்டு
எங்கோ பார்த்துக்கொண்டே திருப்பினார்.
அப்படித்தான், மூக்கைக் கீழே தள்ளி
காதை மேலே தூக்கி,
ஆக்ஸில் பக்கமாய் ஒரு சரிவு.
வந்துவிட்டது. கறுப்பாய், செத்த கனத்தோடு.

புதுப்பழசு ஏறுவதற்கு மணி பதினொன்றரை.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன்.
வாஷர் ஒன்று மிச்சம். அது எதனுடையது என்று
இன்றுவரை தெரியாது.
மணிக்கட்டுத் தோல் கொஞ்சம் உள்ளேயே இருக்கிறது.
சாவியைத் திருப்பினேன்.
சிவப்புப் படம் எரிந்து, யோசித்து,
அணைந்தது.
மீட்டரில் பதினாலு புள்ளி ஒன்று.
சொல்ல ஆளில்லாமல்
இரண்டு தடவை படித்தேன்.

சோப்புத்தூளும் மண்ணும் போட்டுத் தேய்த்தும்
நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.
அடுப்பைப் பற்ற வைத்தேன். பிறகு, பேச்சுக்கு ஒரு மூடியை எடுத்துத்
தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.
வெள்ளையில் என் கறுப்பு ரேகைகள் விழுந்தன.
அந்தப் பக்கத்தை முதலில் தின்றேன்.