சோளகம், தடிப்பு

படலைக்குப் பெயின்ற் அடிக்க வாங்கிய தூரிகை.
நுனிமயிரைக் கத்தரித்து
மாஜரின் மூடியில் மையைக் குழைத்து
முதலில் போட்டது ட.
கீழே ஒரு விழுக்கு, வலப்பக்கம் ஒரு தள்ளு,
முடிவில் மை வற்றி மயிர்மயிராய்ப் பிரிந்தது.
அந்தக் கிழிசல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்தடுத்து வந்ததெல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்தன.
வெளியே ஆடி மாதம்.
கொடியில் கிடந்த சட்டைகளும் அப்படியே.
எழுத்துருவுக்குச் சோளகம் என்று பெயர் வைத்தேன்.

ஆய்தம் எளிது: மூன்று குத்து.
ழ நாலு நாள் எடுத்தது.
ணை, லை, னை
பஸ்ஸில் நிற்கிற சனம் மாதிரி
ஒன்றையொன்று இடித்தன.
கரண்ட் நின்ற இரவில்
மடிக்கணினியில் மிஞ்சிய பற்றரியோடு
அவற்றை விலக்கி விலக்கி இருத்தினேன்.

ஞ மட்டும் தோற்றது.
வால் சுருண்டு நிமிர வேண்டிய இடத்தில்
கை தடுமாறி ஒடிந்தது.
பிறகு திருத்தினேன்தான்.
திருத்த முன்னம்
சோதித்துப் பார் என்று
ஒருவனுக்கு அனுப்பியிருந்தேன்.

பத்து மாதம் கழித்து
அஞ்சு சந்தி மின்கம்பத்தில்
ஆளுயரப் பானர்:
கண்ணீர் அஞ்சலி.
அமரர் சவரியம்மா ஞானப்பிரகாசம்.

ஐஸ்கிறீம் கடைக்கும் கார்னிவலுக்கும் என்று
துள்ளத் துள்ளக் கீறிய எழுத்து
அவவின் படத்துக்குக் கீழே, கறுப்பில்,
சோளகத்தில் சாய்ந்தபடி.
இரண்டு ஞ. இரண்டுக்கும் வால் ஒடிவு.
மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நின்றேன்.
ஒரு மனுசி செத்திருக்கிறா,
நான் வாலுக்கு வெட்கப்பட்டேன்.
பிறகு அதற்கும்.

கஸ்தூரியார் வீதி அச்சகத்துக்குப் போனது
மச்சாளின் மஞ்சரி தையலகத்துக்குப்
பெயர்ப்பலகை அடிக்க.
டிலக்சன் மௌஸை உருட்டிக்கொண்டே சொன்னான்:
"இதைப் போடுங்கோ அக்கா. தடிச்ச எழுத்து,
தூரத்திலை தெரியும். இந்தியாவிலை ஆரோ செய்தது."
"ஆர்?"
"ஆருக்குத் தெரியும். சும்மாதான் கிடைச்சது."

திரையில் என் சாய்வு, என் கிழிசல்,
என் நாலு நாள் ழ.
சண்டை பிடிக்கத்தான் வாய் திறந்தேன்.
வந்த வசனம் வேறு:
"அந்த ஞ பிழை."
கைப்பையைக் கிண்டிப்
பென்டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.

பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது.
மஞ்சரியின் வால் நிமிர்ந்து நின்றது.
அவன் தலையைச் சரித்துப் பார்த்தான்.
"வடிவுதான். ஆனால் பழசும் கிடக்கட்டும் அக்கா.
அஞ்சலிக்கு அதைத்தான் கேட்கினம்.
அழுத கையாலை எழுதின மாதிரி இருக்காம்."

எனக்கு மறுமொழி வரவில்லை.
மேலே காற்றாடி கடகடத்தது.
வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

முற்பணம் ஆயிரத்து ஐந்நூறு.
பற்றுச்சீட்டை இழுத்து, நீலப் பேனையால்
கடையின் பெயரை எழுதித் தந்தான்.
மஞ்சரி.
வால் ஒடிந்த ஞ.