ஒரு கறுப்புக் குண்டு குறைகிறது

இருப்புக் கணக்கு எடுக்கும் வேலை
இந்த வருடம் என் தலையில் விழுந்தது.
வால்நட் மரப்பெட்டி ஒன்று.
உள்ளே வாக்குக் குண்டுகள்:
வெள்ளை நாற்பது, கறுப்பு முப்பத்தொன்பது.
ஏட்டில் இரண்டும் நாற்பது.
மூன்று முறை எண்ணினேன்.

அயோவாவில் பிப்ரவரி.
குழாய்கள் உறைந்து, சமையலறையில் மட்டும் வெந்நீர்.
மேசைமேல் எங்கள் சகோதரிச் சங்கத்தின்
நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள்
ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டிகளில்.

முதல் ஏடு, 1896.
மாலை ஆறுக்குமேல் நூலகத்தில்
பெண்களுக்கு நாற்காலி கிடையாதாம்.
தையற்காரி ஒருத்தியின் மாடியறையில் ஐவர் கூடினார்கள்:
அல்மீடா ஸ்ட்ராண்ட், லொவினா ப்ரூயிட்,
ஹெஸ்டர் க்வேஃப், பேச்சு திக்கும் டில்டா.
ஐந்தாமவள் பெயர்மேல் மை கொட்டியிருக்கிறது.

மண்ணெண்ணெய்ச் செலவு ஐந்தாய்ப் பிரியும்
என்பது முதல் தீர்மானம்.
ஒருத்திக்குக் காய்ச்சலென்றால்
மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துக் குறிப்பெடுப்பது அடுத்தது.
பிறகுதான் பெயர் வைத்தார்கள்.
கிரேக்கம் ஒருத்திக்கும் தெரியாது.
போதகர் வீட்டுப் புத்தகத்தைப் பார்த்தெழுதியதில்
மூன்றாம் எழுத்து தலைகீழாய் விழுந்தது.
பொற்கொல்லர் அப்படியே வார்த்துவிட்டார்.
இன்றும் நாங்கள் சட்டையில் குத்திக்கொள்வது
அந்தத் தலைகீழைத்தான்.
சேரும் இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்,
புதியவள் காதில் சொல்லும் ரகசியமும் இதுவே.
சொல்லிவிட்டேன். போகட்டும்.

பச்சை அட்டை ஏடு, 1957.
மார்ச் ஒன்பது. பரிசீலனைக்கு வந்த பெயர்
வெர்டா ஓக்ஸ், உயிரியல், இரண்டாமாண்டு.
முன்மொழிந்தவள் அவளோடு ஒரே மேசையில் தவளை அறுத்தவள்.
அந்த ஆண்டு கல்லூரியில் இருந்த
இரண்டே கறுப்பினப் பெண்களில் அவள் ஒருத்தி.
இது ஏட்டில் இல்லை,
ஆண்டுமலரின் புகைப்படத்தில் இருக்கிறது.
வெள்ளை இருபத்திரண்டு. கறுப்பு ஒன்று.
ஒன்று போதும் என்பது விதி.
காரணம் கேட்கலாகாது என்பதும் விதி.
அடுத்த வரி:
எலுமிச்சை கேக் பரிமாறப்பட்டது.

செவ்வாயன்று துலூத்திலிருந்து பொட்டலம் வந்தது.
குழந்தைக் காலுறைக்குள் ஒரு கறுப்புக் குண்டு.
'காலமான அம்மாவின் நகைப்பெட்டியில் கிடந்தது.
உங்களுடையது என்று நினைக்கிறேன்.'
மகன் கையெழுத்து.
எண்ணி முடித்தபின் எடுத்துப் போயிருக்கிறாள்.
வருத்தத்தாலா, பெருமையாலா?
நகைப்பெட்டி இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

கூட்டம் போட்டோம்.
ஆற்றில் வீசு என்றாள் ப்ரெக்கன்.
கண்ணாடிக்குள் வைத்துக் கீழே நாலு வரி எழுதலாம் என்றாள் தலைவி.
கேமில் அழுதாள், ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.
பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒடெசா, முதலாண்டு,
தலை திருப்பாமல் கேட்டாள்:
"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?"
வெந்நீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம்.

இருந்தார். செயின்ட் லூயிஸில்.
நாங்கள் எழுதிய நான்கு பக்கத்துக்கு
பதினொரு நாளில் ஓர் அஞ்சலட்டை:

'அன்றிரவு விடுதிக்குத் திரும்பும்போது நல்ல நிலா.
அது நினைவிருக்கிறது.
குண்டு எனக்கு வேண்டாம்.
மன்னிப்பைக் கூட்டம் கூட்டிப் படிக்கவும் வேண்டாம்.
நாற்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தினேன்.
சீட்டில் பெயர் மாறினால் ஆள் செத்துப்போகும்.
என் பெயர் வெர்டெல்.
திருத்துங்கள்.'

பழைய ஏட்டில் கைவைக்க
மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும்.
பெட்டியைத் திறக்காமல் கை தூக்கினோம்.
சிவப்பு மை கிடைக்கவில்லை.
ஒடெசாவின் பச்சைப் பேனாவால் எழுதினேன்,
ஒவ்வொரு எழுத்தாய், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.
கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
தலைவி குனிந்து பார்த்தாள்.
சரியாத்தான் இருக்கு என்றாள்.

குண்டைப் பற்றித் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.
சமையலறை இழுப்பறையில்
பாட்டில் திறப்பானோடு கிடக்கிறது.
யார் இழுத்தாலும் உருண்டு வந்து முன்னால் முட்டுகிறது.
கணக்கில் நான் எழுதியது:
கறுப்பு, முப்பத்தொன்பது.