கிலோ கணக்கில் முள்கரண்டி

அலாங்கில் உடைத்த கப்பலின் சமையலறை
ராயபுரம் கிடங்குக்கு வரும்போது
எட்டுக் கோணிப்பையாக இருக்கிறது.

காந்தம் பிடிப்பது நான்.
ஒட்டினால் இடப்பக்கம், ஒட்டாவிட்டால் வலப்பக்கம்.
ஒட்டாத எவர்சில்வருக்குத்தான் விலை.
எந்த வாய்க்குள் போய் வந்தது என்று
காந்தம் கேட்பதில்லை.

பெர்க்மான்ஸ் அண்ணன்
பதினோரு வருஷம் கப்பலில் மேசை போட்டவர்.
மீனுக்குத் தனிக் கத்தி, வெண்ணெய்க்குத் தனிக் கத்தி என்பார்.
கத்தியின் வாய் தட்டைப் பார்த்துப் படுக்கணும்,
பக்கத்து ஆளைப் பார்த்தால் வம்புக்கு இழுக்கிற மாதிரி.
சீனாக்காரர் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்கமாட்டார்,
அது செத்தவருக்கு வைக்கிற சோறு.
"கருமாதி வூட்ல எலைய எதிர்ப்பக்கம் மடிக்கிறோமே,
அந்த மாரி."

குச்சி கிலோ என்ன விலை என்றான் தேசப்பன்.
மரம். விலையில்லை.
வெந்நீர் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போனான்.

முள்கரண்டி புதிதாய் வந்த ஊரில்
ஆண்டவன் அஞ்சு விரல் தந்திருக்க
இரும்பு விரல் எதுக்கு என்று
பாதிரி ஒருவர் திட்டினாராம்.
கப்பலில் யாரோ அண்ணனிடம் சொன்னது.
எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பாதிரி
என் விரலை மோந்து பார்க்கட்டும்.
கிரீஸ், துரு, மண்ணெண்ணெய்.
சோப்பு போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும்
தயிர்சோறு இரும்பு வாடை அடிக்கும்.

போன செவ்வாய்க்கிழமை
நாலு முள்ளும் நேராக இருந்த ஒன்றைத் தேடி எடுத்தேன்.
டீக்கடையில் கொதிநீர் வாங்கி ஊற்றினேன்.
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்ற பழக்கம்தான்,
ஆனால் அங்கே நூடுல்ஸ் தானாகச் சுற்றிக்கொள்ளும்.
சோறு சுற்றவில்லை.
முதல் வாய் கன்னத்தில் குத்தியது.
இரண்டாவது பாதி மடியில்.
மூன்றாவது வாயில்
கொத்தமல்லி, கொத்தமல்லியாகத் தெரிந்தது.
ஆறு வருஷத்தில் முதல் தடவை, அந்தக் கிடங்கில்.

"தொரசானி" என்றான் தேசப்பன்.
இருக்கட்டும்.

அதை இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
முதலாளி கணக்கில் நாற்பது கிராம் குறையும்.
ராத்திரி காசிமேட்டுச் சங்கரா.
மீனின் முள்ளுக்கும் இந்த முள்ளுக்கும்
ஒத்துவரவில்லை.
சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு தன் தட்டில் ஒரு துண்டு பிட்டு
ரெண்டு விரலால் தடவி, நசுக்கி, தடவி,
"முள் இல்லம்மா" என்று
என் வாயில் வைத்தாள்.

கழுவி,
பல்லு பிரஷ்ஷுகளோடு டம்ளரில் நிறுத்தியிருக்கிறேன்.
நாளை மத்தியானத்துக்கு வேண்டும்.