நெடில்

எர்சுரூமில் ஜனவரி.
பல் மருத்துவக் கல்லூரியின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை.
நெஸ்லிஹான் ஆயிரத்து இருநூறு தாடைகளை
ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறாள்.

எல்லாரும் பல்லுக்காகப் படம் எடுத்துக்கொண்டவர்கள்.
அவள் பல்லைப் பார்ப்பதில்லை.
காதுக்குக் கீழே, படத்தின் ஓரத்தில்,
தேதி அச்சான இடத்துக்குப் பக்கத்தில்
சாய்ந்து இறங்கும் ஒரு மெல்லிய எலும்பு.
எழுத்தாணி முள் என்று பெயர்.
எதையும் எழுதியதில்லை.
நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் சில தசைகளை,
ஒரு நாரை,
பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

வேரில் ஒரு சொடுக்கு, நுனியில் ஒரு சொடுக்கு.
இருபத்துமூன்று. இருபத்தாறு. பத்தொன்பது.
முப்பது மில்லிமீட்டரைத் தாண்டினால்
'நீளம்' என்று போடச் சொல்லியிருக்கிறார்
பேராசிரியர் ஒர்ஹுன்.

குறில், குறில், நெடில், குறில்.
சிலது கணு விட்ட மூங்கில்.
சிலது நடுவில் முறிந்து
ஒட்டியும் ஒட்டாமலும்.
சிலது பாதி வழியில் மனம் மாறி உள்ளே வளைந்தது.
ஒரே ஆளுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் வேறொன்று.
ஒருவருக்கு இடப்பக்கம் இல்லவே இல்லை.
சுழியம் போடுவதா, கட்டத்தை வெறுமையாக விடுவதா?
மதியச் சாப்பாடு அதில் ஆறிப்போனது.

எழுநூற்றுப் பதினொன்று.
இடது: நாற்பத்தெட்டு.
மறுபடி அளந்தாள். நாற்பத்தெட்டு.
இயந்திரம் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், தெரியும்.
கழித்தாலும் நெடில்தான்.

ஆய்வுக்கு அளவு போதும். ஆனாலும் கோப்பைத் திறந்தாள்.

குல்தானே, வயது நாற்பத்துநான்கு.
பலாந்தோக்கென் மலையில் பனிச்சறுக்கு நிலையம்.
கம்பியில் வரும் ஒவ்வொரு நாற்காலிக்கும்
இடப்பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டிய வேலை.

முதல் வருடம்: தொண்டையில் மீன்முள் குத்துகிறதாம். பார்த்தோம், முள் இல்லை.
அடுத்த வருடம்: காய்ந்த ரொட்டியை விழுங்கச் சொன்னோம்.
நான்காம் வருடம்: இடது கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கப்பட்டது.
ஐந்தாம் வருடம்: அதற்குப் பக்கத்துப் பல்.
ஏழாம் வருடம்: மனப் பதற்றம். இரவில் இரண்டு மாத்திரை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.
தமிழ் தெரிந்திருந்தால் நெஸ்லிஹான்
இந்த இடத்தில் கசந்து சிரித்திருப்பாள்.

பதினோரு வருடத்தில் நான்கு படங்கள்.
மூன்றில் முள் தன் மூலையில் நிற்கிறது,
யாரும் பெயர் கூப்பிடாத பிள்ளையைப் போல.
நான்காவதில், பல் நடுவில் வர வேண்டும் என்று
யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

தொலைபேசியில் காற்று இரைந்தது.
"பல் ஆஸ்பத்திரியா?
எடுப்பதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?"

நெஸ்லிஹான் சொன்னாள்.
அந்தப் பக்கம் நாற்காலிகள் போய்க்கொண்டிருந்த சத்தம்.
ஏழெட்டு போயிருக்கும்.

"அப்படியானால் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"படத்தில் தெரிகிறதா?"
"தெரிகிறது."

அறுவை உண்டா, ஆபத்தா, செலவு எவ்வளவு,
எதுவும் கேட்கவில்லை.
"காகிதத்தில் தருவீர்களா?
வீட்டில் சிலருக்குக் காட்ட வேண்டும்."

எழுநூற்றுப் பன்னிரண்டு: ஐம்பத்திரண்டு.
ரொட்டிக்கடைப் பையன், வயது இருபத்தொன்று.
அந்தக் கோப்பையும் திறந்தாள்.
புகார் எதுவும் இல்லை.
நன்றாக விழுங்குகிறான், தூங்குகிறான்,
போன மாதம் கல்யாணம்.
நெஸ்லிஹான் திரையை அணைத்துவிட்டு
இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை குல்தானே வந்தாள்,
பூட்ஸில் பனி, கையில் உரித்த கையுறை.
இந்த ஊர் வழக்கப்படி
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
தேநீரை அதன் வழியே உறிஞ்சினாள்.
வலப்பக்கம். இடப்பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
நெஸ்லிஹான் பேனா முனையால்
காதுக்குக் கீழே காட்டினாள்: இதுதான்.
"ம்," என்றாள் குல்தானே.
அவள் விரல் அங்கே போகவில்லை.
கீழ்வரிசையில் இரண்டு வெற்றிடங்களுக்குப் போய்
அங்கேயே நின்றது.

"இவை இரண்டும் நல்ல பற்கள்," என்றாள்.