நாற்காலிக்குப் பின்னால்

கடையில் பெராக்சைடு குறைந்துகொண்டே வந்தது.
பன்னிரண்டு சதவீதம், லிட்டர் பாட்டில்.
புதிதாகச் சேர்ந்த யித்கா மேல்தான் முதல் சந்தேகம்.
கேட்டும்விட்டேன்.
இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஞாயிறன்று பால்கனிக் கதவைத் திறந்தால்
ஒஸ்த்ராவாவுக்கு அபூர்வமாய்க் கிடைத்த வெயிலில்
ஒரு கம்ப்யூட்டர் பெட்டி.
உடம்பெல்லாம் வெள்ளைப் பசை, மேலே பாலிதீன் சுற்று.
என் வாடிக்கையாளர்களை விடச் சமர்த்து,
தலையை ஆட்டாதீர்கள் என்று
ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம்.
பக்கத்தில் ரதோவான்
என் கையுறையில், என் தூரிகையுடன்.

"மஞ்சள் ஏறிவிட்டது மிலாதா,
முப்பது வருஷ மஞ்சள்."

நான் நாளெல்லாம் வெள்ளையைக் கறுப்பாக்குகிறேன்.
இவன் அதே பாட்டிலால்
மஞ்சளை வெள்ளையாக்குகிறான்.
வயதை மறைக்கிற வேலையை
வீட்டில் ஒழுங்காகத்தான் பங்கிட்டிருக்கிறோம்.

பெட்டி, கார்வினாவில் இழுத்து மூடிய பள்ளிக்கூடத்தினுடையது.
மதர்போர்டு ப்ர்னோவில் யாரோ நிலவறையில் போட்டுவைத்தது;
பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்ததை
வினிகர் தொட்டு, பழைய பல்துலக்கியால்
மூன்று இரவு தேய்த்தான்.
சவுண்டு கார்டு கொடுத்த பல் மருத்துவர் காசு வாங்கவில்லை.
இரண்டு பாட்டில் ப்ளம் பிராந்தி கேட்டார்.
மூன்று கொடுத்துவிட்டு வந்தான்.
ட்ராம் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு பெரிய மனசு
என் பிறந்தநாளுக்கு வந்ததில்லை.

முன்பக்கத்தில் டர்போ என்றொரு பொத்தான்.
அதை விடுவித்தால் இயந்திரம் மெதுவாகிவிடும்.
ரொம்பப் பழைய ஆட்டங்களுக்கு இந்த வேகமே அதிகமாம்,
விசையைத் தொடுவதற்குள் ஆள் செத்துவிடுவானாம்.
மெதுவாவதற்கென்றே ஒரு பொத்தான்!
சனிக்கிழமைகளில் எனக்கும் ஒன்று இருந்தால் தேவலை.

ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை இரவு,
சமையலறை மேசையில் உயிர் வந்தது.
கறுப்புத் திரையில் எண்கள் ஏறின.
தன் ஞாபகம் எவ்வளவு என்று தானே எண்ணிப் பார்க்கிறதாம்.
எட்டே எட்டு மெகாபைட்,
அதற்கு இத்தனை நேரம்.
பிறகு ஒரே ஒரு பீப்.
கண்ணை மூடிக்கொண்டான்.
ப்ளாப்பி டிரைவ் தொண்டையைச் செருமியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு
என்னைப் பார்த்தான்.
"உட்கார்."
"நீ ஆடேன்."
"எனக்கு ஆடத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

தொண்ணூற்று நான்கில் அந்தக் கட்டடத்துக்கே ஒரு கம்ப்யூட்டர்,
நான்காம் மாடி லுபோஷ் வீட்டில்.
நாற்காலியும் ஒன்று.
பள்ளி விட்டதிலிருந்து ஐந்தரை வரை
ரதோவான் அதன் பின்னால் நின்றான்.
சாவி எங்கே, பொய்க்கதவு எது,
எந்த மூலையில் வௌவால்,
எல்லாம் இவன்தான் சொல்லுவான்.
லுபோஷ் "நீ ஆடுகிறாயா" என்று கேட்டதில்லை.
"தா" என்று இவனும் கேட்டதில்லை.
ஆறாவது தளம் வரை போனார்கள்.
அப்புறம் அந்தக் குடும்பம் ஓலொமோத்ஸுக்குப் போய்விட்டது.

பதினெட்டு வருஷமாக நானும்
பிறர் நாற்காலிகளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.
கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டுகிடக்கின்றன.
செருப்பைக் கழற்றிவிட்டு
உட்கார்ந்தேன்.

முதல் அறையிலேயே செத்தேன்.
மறுபடியும் செத்தேன்.
"இடது, இடது. இப்போது குதி. இல்லை,
அதற்கு முன்னால்."
பூண்டு வாடை மூச்சு என் பிடரியில்.
நாற்காலியின் முதுகில் அவன் இரு கைகள்
நான் கடையில் வைத்துக்கொள்வது போலவே.

வௌவால் வந்தபோது கத்திவிட்டேன்.

"தலையை ஆட்டாதே" என்றான்
என் கணவன்,
"திரை மறைக்கிறது."