பெட்டியின் சூடு

மூன்று சட்டை மாற்றியிருக்கிறேன், ஒரே வேலையில்.

முதலாவது மஞ்சள். கம்பெனிக்குச் சின்ன வயது.
ஈசூனில் புளோக் புளோக்காக ஏறி
சுவருக்குச் சுவர்
சுண்டுவிரல் நுழையும் துளை போட்டோம்.
தூசி விழ நாளிதழ் விரிப்பேன்.
மைலோ கலக்கித் தந்தபடி கேட்பார்கள்:
"முப்பது சேனலா? அப்புறம் தூங்குவது எப்போது?"

பிறகு இரண்டு கம்பெனி ஒன்றாயிற்று,
சட்டை ஊதாவாயிற்று.
அதே கம்பியில் இணையம், அதே கம்பியில் தொலைபேசி,
ஒரே பில்.
உலகக் கிண்ண மாதத்தில் வசவும் அதே கம்பியில்தான் வரும்.
கோல் விழும் நொடியில் படம் உறைந்த வீட்டிலிருந்து
சப்பாத்தை எடுக்கவிடாமல் விரட்டினார்கள்.
மின்தூக்கிவரை காலுறையோடு நடந்தேன்.

இப்போது சாம்பல். சின்னம் கிடையாது,
குத்தகைக்காரரின் ஆள்.
கண்ணாடி இழை வந்துவிட்டது, செம்பு போதும் என்றுவிட்டார்கள்.
நான் போட்டதை நானே பிடுங்குகிறேன்,
பெட்டிக்கு ஆறு வெள்ளி.

நேற்று பதினோராம் மாடி.
பட்டியலில் கடைசிப் பெயர், கோ பூன் லெங்.
டிவியை விற்று ஐந்து வருஷம் என்றார்.
கட்டணம் மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.
வெற்று அலமாரியில்
பச்சை விளக்கெரிய இருந்தது பெட்டி.
அதன்மேல் ஒரு பூனை,
வாலால் கார்டு ஓட்டையை மூடிக்கொண்டு.

வீட்டில் பூனை கூடாதென்று இருந்த காலத்தில்
கதவு தட்டினால் டிவிக்குப் பின்னால் போய் ஒளியுமாம்.
அங்கே கண்டுபிடித்ததாம் இந்தச் சூட்டை.

"எந்த சேனல் பார்க்கிறது?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மேலே எதையும் வைக்காதீர், காற்றோட்டம் விடுக:
கையேட்டின் நான்காம் பக்கம்.
சூடாகிறது என்று யார் சொன்னாலும்
பழுது என்றுதான் எழுதிவந்தோம் இத்தனை வருஷமும்.

கம்பியை மட்டும் திருகிக் கழற்றினேன்.
பிளக்கைத் தொடவில்லை.
'பெட்டி கிடைக்கவில்லை' கட்டத்தில் ஒரு டிக்,
அதற்கு அபராதம் எண்பது வெள்ளி என்று சொன்னேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தார்.
என் ஆறு வெள்ளி போயிற்று.

கம்பி போன சுவரில்
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
என் துளைதான்.
கொஞ்சம் கோணல்.
அப்போது எனக்கு ட்ரில் பிடிக்கத் தெரியாது.